நடுவழியில் நின்றுவிட்டால்

குட்டாயிசியில், ரியோனி ஆற்றுப் பாலத்துக்குக் கீழே என் கடை.
கடை என்றால் நான்கு மேசை, ஒரு தார்ப்பாய்.
மழை வந்தால் புத்தகங்களை முதலில் மூடுவேன்,
பிறகுதான் என்னை.

சியூரி வந்தது பிப்ரவரியில்.
மலைமேல் சுரங்க ஊர்க்காரி.
இருபத்தெட்டு வருடம் ரோப்காரை ஏற்றி இறக்கியவள்.
பழைய வடத்தை அறுத்துப் புதியதை மாட்டிவிட்டார்களாம்.
புதியதில் நெம்புகோல் கிடையாது.
ஒரு திரை, அதில் ஓர் அம்பு.
கணினி தெரிந்தால் வேலை உண்டு,
தெரியாவிட்டால் பார்க்கலாம், என்றானாம் மேலாளர்.
பார்க்கலாம் என்பதற்கு
எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

நான் வியாபாரி.
தொள்ளாயிரம் பக்கத் தலையணை ஒன்றை நீட்டினேன்,
ஆறு வருடமாக என்னோடு குளிரில் நடுங்கும் புத்தகம்.
"எல்லாமே இதில் இருக்கிறது."
"எல்லாம் இருக்கிற வீட்டில்தான்
கரண்டி எங்கே என்று தெரியாது"
என்று திருப்பி வைத்தாள்.

மஞ்சள் அட்டை: இருபத்தொரு நாளில் இணையம்.
"இருபத்திரண்டாம் நாள்?"
எனக்குப் பதில் தெரியவில்லை.

ரஷ்ய மொழியில் ஒன்று. கெட்டி அட்டை.
அச்சான வருடத்தின்மேல் விரலை வைத்தாள்.
"அப்போது என் மகன் பிறக்கவே இல்லை.
இப்போது அவனுக்கு வழுக்கை."

எதை எடுத்தாலும் பின்னாலிருந்தே திறந்தாள்.
சொல்லடைவில் மேலிருந்து கீழாக
மூக்குக் கண்ணாடி இறங்கியது, ஏறியது.
என்னதான் தேடுகிறீர்கள் என்றேன்.

"நின்றுபோனால் என்ன செய்வது என்று.
எங்கள் கையேட்டில் முதல் அத்தியாயமே அதுதான்.
பெட்டி நடுவழியில் நின்றுவிட்டால்
கதவைத் திறக்காதே.
உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டிரு.
மோட்டார் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம்
அதற்கு அப்புறம்.
உன் தடியன்களில் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது.
எதுவுமே நிற்பதில்லை.
நான் இவற்றை நம்பமாட்டேன்."

கடைசியில் மேசைக்கு அடியிலிருந்து
அவளே இழுத்தாள்:
பள்ளிக்கூட முத்திரை குத்திக் கழித்துவிட்ட ஒல்லிப் புத்தகம்.
மூன்றாம் பக்கம்: திரை உறைந்துவிட்டதா?
ஐந்தாம் பக்கம்: தவறாக அழித்துவிட்டீர்களா? மூச்சு விடுங்கள்.
பதினொன்று: வங்கியே கேட்டாலும்
கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள். வங்கி கேட்காது.
நின்றபடி ஒரு மணி நேரம் படித்தாள்.
என் தேநீரையும் அவளே குடித்தாள்.
பன்னிரண்டு லரி கேட்டேன். எட்டு கொடுத்தாள்.

ஆகஸ்டில் திரும்பி வந்தபோது
ஏட்டுச் சுரைக்காயைக்
கறி சமைத்தே கொண்டுவந்திருந்தாள்.
புத்தகம் இரு மடங்கு உப்பி, கிரீஸ் மணத்தோடு.
ஓரமெல்லாம் பென்சில்:
இந்தப் பொத்தான் இப்போது மேலே போய்விட்டது.
படம் பழசு. மூன்று கோடு தெரியும், அதைத் தொடு.
இங்கே அழுதேன்.
அடுத்த பக்கத்தில்,
அங்கே தேவையில்லாமல் அழுதேன்.

"இப்போது அந்தத் தலையணையைக் கொடு.
கரண்டியை இனி நானே தேடிக்கொள்வேன்."

எடுத்தேன். தூசி தட்டினேன்.
என் வாய்தான் சொன்னது, நான் சொல்லவில்லை:
"வேண்டாம். இது காலாவதி ஆகிவிட்டது.
அடுத்த வாரம் திபிலீசியிலிருந்து புதுசு வரவழைக்கிறேன்."
இந்தத் தொழிலில் முதல்முறையாக
ஒரு புத்தகத்தை விற்காமல் இருந்தேன்.

அவளுடைய ஒல்லிப் புத்தகத்தை
அவள் கேட்ட விலைக்கே வாங்கி முன்வரிசையில் வைத்தேன்.
விலை இருபது.
கிறுக்கியதுக்கு எதற்கு இருபது என்றான் ஒரு மாணவன்.
புரட்டினான். ஓரிடத்தில் சிரித்தான்.
வாங்கவில்லை.
அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு நடந்தான்.

மழை தொடங்கியது.
அதைத்தான் முதலில் மூடினேன்.